மனாசே என்று கூப்பிட்டபோது

டூட்டுயிலா தீவு,
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் லோசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முட்டி ஒன்றைத் தவிர நான் முழுக்கச் சுகம். அங்கே நீயும் மருமகன் ஈலியும் பேரன் செமியும் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாயிருக்க வேண்டும் என்று மாலை மணி அடிக்கும்போதெல்லாம் ஜெபிக்கிறேன். ஆகஸ்டில் என்ன குளிர் அப்பா என்று நீ சிரிப்பாய், அலாஸ்காவில் குளிரில்லாத மாதம் ஒன்று இருக்கிறது என்பதை நான் நம்புவதாக இல்லை, பையனுக்குக் காதை மூடி அனுப்பு. போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், நீ சரி அப்பா சரி அப்பா என்பாய், நானும் சரி மகளே என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வந்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் அது மேசையில் காத்திருக்கும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ்டர் வீட்டுக்குப் புதுக் கூரை போடுகிறார்கள், அதற்கு எந்த நிறம் என்பதில் ஊர்க்கூட்டம் மூன்று முறை கூடிக் கலைந்தது. நம் வீட்டில் நானும் கோழிகளும்தான். ஞாயிற்றுக்கிழமை கல் அடுப்பு மூட்டுவது மட்டும் விடவில்லை. குடும்பத் தலைவர் பட்டம் கட்டிய மனுஷன் தன் கையால் கல்லைச் சுட்டு, சேப்பங்கிழங்கைத் தோல் சீவி, தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நம் ஊர் முறைக்கு ஆகாது, அதற்கெல்லாம் வீட்டில் இளவட்டங்கள் இருக்க வேண்டும். இளவட்டம் எல்லாம் அலாஸ்காவிலும் சான் டியேகோவிலும் இருந்தால் சாலிமோவா பட்டக்காரர்தான் புகையில் கண்ணைக் கசக்க வேண்டும். பக்கத்து வீட்டார் பார்த்தும் பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அது எனக்குக் கொடுக்கிற மரியாதை. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் வரவில்லை லோசா. உன் அம்மா இருந்தபோது போட்ட அளவையே போடுகிறேன், மிச்சத்தைப் பாஸ்டர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன், அவர் மனைவி என்னைத் தாராள மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாலை ஜெபத்தில்தான் மிகவும் கஷ்டம். நான் பாடுவது அடிக்குரல். மேல் குரலை உன் அம்மா எடுப்பாள், நடுவில் நீயும் உன் சித்தியும். இப்போது அடிக்குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது, பாமாலையை வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு யாரோ முனகுவதுபோல் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் பட்டாளப் பத்திர விவகாரம் என்ன ஆயிற்று என்று போன தடவை கேட்டாய், நான் ஆகிக்கொண்டிருக்கிறது என்று மழுப்பினேன். முழுக்கதையும் உனக்குத் தெரியாது, எனவே முதலிலிருந்தே சொல்கிறேன். வாசலில் உன் அம்மாவின் கல்லறைக் கல்லில் ‘சூலியா, சாலிமோவாவின் மனைவி’ என்று வெட்டியிருக்கிறது. அவள் பக்கத்து இடம் எனக்கு. பட்டாளத்தில் இருந்தவனுக்கு அரசாங்கமே கல் கொடுக்கும், ஆனால் அவர்கள் ஏட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் வெட்டிக் கொடுப்பார்கள். என்னை விடுவித்து அனுப்பிய பத்திரம் புயலில் கூரையோடு போய்விட்டது. அதனால்தான் உன்னை நகல் கேட்டு எழுதச் சொன்னேன். நீ முதலில் உனக்குத் தெரிந்த பெயரில், சாலிமோவா என்று எழுதிக் கேட்டாய், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. பிறகு பட்டத்துக்கு முந்திய பெயரில், பீட்டா இயோசெஃபோ என்று கேட்டாய், அப்படியும் ஒருவர் இல்லை. அன்று நீ போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்பா நீங்கள் நிஜமாகவே வியட்நாமுக்குப் போனீர்களா என்று கேட்டாயே, அதற்கு நான் கோபித்துக்கொண்டேன் அல்லவா. கோபம் உன் மேல் இல்லை மகளே. மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் பால் மறந்தவுடனே என் அம்மாவின் அக்கா வீட்டில் வளரக் கொடுத்துவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அவளுக்குப் பிள்ளை இல்லை, அக்கா கேட்டால் தங்கை கொடுப்பாள், இதற்கெல்லாம் இங்கே யார் பத்திரம் எழுதினார்கள். அவள் புருஷன் பெயர் மனாசே. மீன் பிடிக்கவும் பாய்மரம் கட்டவும் திட்டு வாங்கவும் அவரிடம்தான் கற்றேன். பள்ளிக்கூட ஏட்டில் மட்டும் பெற்ற தகப்பன் பெயரில் பீட்டா இயோசெஃபோ. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது எனக்கு வயது பற்றவில்லை, பெரியவர் ஒருவர் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். மனாசேதான் நல்ல லாவாலாவா வேட்டி கட்டி, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு என்னோடு வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் அவரைக் காட்டி, இவர்தான் உன் தகப்பனா என்று கேட்டார். அந்த மனிதர் வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது. ஆமாம் என்றேன். அவர் பேரென்ன என்றார், மனாசே என்றேன். அப்படியே எழுதிவிட்டார்கள், பீட்டா மனாசே. திரும்பி வரும்போது பஸ்ஸில் மனாசே எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுத்தார்.

என்னோடு அதே நாளில் சேர்ந்தவர் உன் பெரியப்பா ஃபெலேட்டி. என் பெற்ற தகப்பனின் அண்ணன் மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவர். சிறுவயதில் நீ அவர் தோளில் ஏறி உட்கார்ந்து பெரியப்பா பெரியப்பா என்று காதைத் திருகியது உனக்கு நினைவிருக்காது. பயிற்சி முகாமில் தினமும் காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். மனாசே என்று கூப்பிட்டால் எனக்கு உறைக்காது, அது என் பெயர் என்றே தோன்றாது, எங்கோ நம் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருப்பேன். அதிகாரி குரலை உயர்த்துவதற்குள் ஃபெலேட்டியின் முழங்கை என் விலாவில் இறங்கும். அதற்குப் பிறகு நான் கத்துவேன். வியட்நாம் போய்த் திரும்பும்வரைக்கும் அப்படித்தான். எனக்குக் குண்டு ஒன்றும் படவில்லை, இடது விலாவில் மட்டும் எப்போதும் ஒரு கன்றல் இருந்தது.

பிறகுதான் பட்டத்து வழக்கு வந்தது. சாலிமோவாவாக இருந்த எங்கள் சித்தப்பா காலமானதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது, ஒரு பாதி ஃபெலேட்டிக்கு, ஒரு பாதி எனக்கு. உட்கார்ந்து பேசிப் பார்த்து, சமாதானத்துக்குக் காவா பானம் குடித்துப் பார்த்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போனோம். அவர் பக்கத்தார் சொன்ன வாதம் ஒன்றே ஒன்று. பீட்டா வேறு வீட்டில் வளர்ந்தவன், மனாசே பிள்ளை, நம் வீட்டுப் பட்டம் அவனுக்கு எதற்கு என்பது. தீர்ப்பு என் பக்கம் வந்தது. அன்று கோர்ட்டுப் படியில் ஃபெலேட்டி என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார், மேற்கே தன் மனைவியின் ஊரில் போய் இருந்துவிட்டார், அதோடு பேச்சு நின்றது. உன் அம்மா செத்தபோது இழவு முறைக்குப் பாய் அனுப்பினார், வரவில்லை. வழக்கு வந்த நாளிலிருந்தே மனாசே என்ற பெயரை நான் மூடியே வைத்திருந்தேன். பட்டாளத்தில் நானே அந்தப் பெயரைச் சொல்லிச் சேர்ந்தவன் என்று யாராவது கிளறினால் பட்டம் ஆட்டம் கண்டுவிடும் என்று பயம். ஃபெலேட்டிக்கு அது தெரியுமே, ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டார் போலிருக்கிறது, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கல்லில் மனாசே என்று வெட்டினால் சாலிமோவாவின் மனைவி பக்கத்தில் யாரோ ஊர்பேர் தெரியாதவன் படுத்திருப்பதுபோல் அல்லவா இருக்கும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கடைசியில் உன்னிடம் மூன்றாவது பெயரைச் சொன்னேன், நீயும் ஏன் எதற்கு என்று குடையாமல் எழுதிப் போட்டாய், நகல் வந்துவிட்டது. அதில் எல்லாம் சரியாக இருந்தது, பெயரைத் தவிர. அதைத் திருத்தக் கேட்கிற படிவத்தை எடுத்துக்கொண்டு ஃபாகடோகோவில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு உதவுகிற ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். ஏட்டில் உள்ள பிழை என்ன, இந்தக் கட்டத்தில் எழுதுங்கள் ஐயா என்றாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனாசே பிழை என்று எழுதக் கை வரவில்லை லோசா. கடைசியில், இது பிழை இல்லை, என்னை வளர்த்த தகப்பனார் பெயர், பெற்றவர் பெயரையும் பட்டத்தையும் கூடச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறிவிட்டது. அவள் படித்துவிட்டு, முதலில் எழுதிய ஏட்டை எப்படியும் அடிக்க மாட்டார்கள் ஐயா, இவர்தான் அவர் என்று ஒரு பத்திரம் அதோடு சேர்த்து வைப்பார்கள், அதைக் காட்டினால் கல்லில் உங்கள் பெயரை வெட்டுவார்கள் என்றாள். ஆனால் பட்டத்துப் பதிவில் பீட்டா இயோசெஃபோ என்றிருக்கிறது, பட்டாளத்தில் பீட்டா மனாசே என்றிருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்பதற்குத் தத்துப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அப்படியானால் அந்தக் காலத்தில் உங்களோடு பட்டாளத்தில் இருந்து, இரண்டு பெயரையும் அறிந்த ஒருவர் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும் என்றாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் அம்மா இல்லை, பெரியம்மா இல்லை, மனாசே இல்லை, கூட இருந்தவர்களில் ஒருத்தர் அங்கேயே போனார், மற்றவர்கள் இங்கே வந்து சர்க்கரை வியாதியில் போனார்கள். நான் நான்தான் என்று சொல்ல உயிரோடு இருக்கிற ஒரே மனுஷன் ஃபெலேட்டி. அவர் அப்படிச் சொன்னால் கோர்ட்டில் தன் பக்கத்தார் சொன்ன வாதத்தைத் தானே கையால் கிழித்தாற்போல.

ஒரு பெட்டி டின் மீனும் கொஞ்சம் கோக்கோவும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழியில் இரண்டு நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். அவர் வீட்டில் பாயில் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தாமலே, ‘வந்திருக்கிறது சாலிமோவாவா, இல்ல மனாசே பையனா?’ என்று கேட்டார். அந்தப் பெயர் அவருக்கு மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. யாரை உங்களுக்குத் தெரியுமோ அவன்தான் வந்திருக்கிறேன் அண்ணே என்றேன். சாப்பாடு போடச் சொன்னார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘கையெழுத்துக்குத்தானா வந்த’ என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். நான் எழுந்தபோது அவர் மருமகள் ஒரு கூடை சேப்பங்கிழங்கைக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றினாள், நான் கொண்டுபோனதைவிட அதிகமாக.

அதற்குப் பிறகு பதிலே இல்லை. நான்கு ஞாயிறோ ஐந்து ஞாயிறோ போயிற்று. நீ அலாஸ்காவுக்கு வந்துவிடுங்கள் அப்பா என்று போனில் சொன்னது அந்த நாட்களில்தான், ஒரு மாலை நானும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன், உண்மையைச் சொல்கிறேன். பிறகு உன் அம்மா கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். பக்கத்து இடம் புல் முளைத்துக் கிடக்கிறது, அதை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. எனக்குப் பிள்ளை இருக்கிறாள், பட்டம் இருக்கிறது, ஊர்க்கூட்டத்தில் பட்டக்காரர்களுக்குரிய தூணோர இடம் இருக்கிறது, ஆனால் சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் ஒருவரும் இந்த ஊரில் இல்லை. நானாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டால்தான் அந்தப் பையன் உண்டு. அன்று உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, வேலையில் இருந்தாய் போலும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து இலை மூடிய அடுப்பைத் திறக்கும்போது வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. ஃபெலேட்டி அவர் மருமகளோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தது. மருமகளின் தோளைப் பிடித்தபடி நேரே உன் அம்மா கல்லிடம் போய்க் கைத்தடியை ஊன்றி நின்றார், பிறகு சாப்பிட உட்கார்ந்தார், பட்டக்காரர் சமையல் உப்பு இல்லாமல் இருக்கிறது என்றார், இரண்டு தட்டுச் சாப்பிட்டார். நாளைக்கு ஆபீசுக்குப் போகலாம் என்றார். இராத்திரி இருவரும் இங்கேயே தங்கினார்கள்.

மறுநாள் அந்த ஆபீசில் நல்ல கூட்டம். சுவரோரமாய் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவர் என் இடப்பக்கம். உள்ளேயிருந்து அந்தப் பெண் என் கோப்பைப் பிரித்து, அதில் உள்ளபடியே, பீட்டா மனாசே என்று கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கூப்பிட்டாள். என் இடது விலாவில் ஒரு இடி விழுந்தது லோசா. அதே இடத்தில். நான் என்னை அறியாமல் எழுந்து நின்று, ஆஜர் என்று கத்திவிட்டேன், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபெலேட்டி சிரிக்கவில்லை, கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். ‘என் தம்பி. சாலிமோவா, எங்க குடும்பத்துத் தலைவரு. பட்டாளத்துல மனாசேன்னு கூப்பிட்டாங்க, அப்பவும் இதே தம்பிதான்’ என்றார். பட்டத்தோடு சேர்த்து அவர் வாயால் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுதினாள், அவர் வலதுகையை உயர்த்திச் சத்தியம் செய்தார், கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டேன், இந்தப் பெயர் உங்களுக்கு மறக்கவில்லையே, கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று. அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘எங்க வக்கீல் கேட்டான்டா, பட்டாளத்துல இவன் பேரு என்னன்னு. சொல்லியிருந்தா அன்னிக்கே உன் கதை முடிஞ்சுது. ஞாபகமில்லன்னுட்டேன். அந்தப் பேரு யாராவது கூப்பிட்டா உன்ன இடிக்கிறதுக்குடா எனக்கு. கோர்ட்டுல விக்கிறதுக்கில்ல.’ பிறகு ஏன் அண்ணே இத்தனை வருஷம் பேசவில்லை என்றேன். ‘தோத்தவன் எப்படிடா வந்து பேசுறது? ஜெயிச்சவன்ல வரணும்? நீ வருவ வருவன்னு பார்த்தேன்’ என்றார். பஸ் வந்தது, அவரையும் மருமகளையும் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அதை மறைப்பானேன்.

பத்திரமெல்லாம் அனுப்பியாயிற்று, பதில் வர மாதக்கணக்காகும் என்கிறாள் அந்தப் பெண். வரும்போது வரட்டும். பெரியப்பாவால் எல்லா ஞாயிறும் வர முடியாது, கால் ஆறவில்லை, இன்று வரவில்லை, அடுப்புச் சாப்பாடு பாஸ்டர் வீட்டுக்குத்தான் போயிற்று. நீ அவருக்கு ஒரு போன் செய், மருமகளின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பெரியப்பா என்று கூப்பிடு, வேறொன்றும் பேச வேண்டாம். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. ஈலியை இரவு வேலைக்கு அதிகம் போகவேண்டாம் என்று சொல். செமிக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடு, பாமாலையில் நடுக்குரலையும் கற்றுக்கொடு, அது போனிலும் கேட்கும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கையில் வைத்துக் காப்பாராக, உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் வீட்டில் தங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே மகளே. ஃபெலேட்டி எனக்கு மூத்தவர், அவருக்குப் பிறகு என் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று அறிந்தவர் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள், அதனால்தான் இத்தனையும் எழுதினேன். ஒரு நாள் இந்த வாசலில் நின்று யாராவது என்னை மனாசே என்று கூப்பிட்டால், எனக்குக் கேட்காது, நீதான் என் சார்பில் பதில் சொல்ல வேண்டும்.

உன் அன்புள்ள அப்பா,
எல்லாப் பெயரிலும்,
பீட்டா.